தோட்டத்து அடுப்பில் நாசி கோரெங்

ஆறிய சோற்றை மிளகாய் விழுதோடும் இனிப்புச் சோயா சாற்றோடும் பெருந்தீயில் பிரட்டி எடுக்கும் நாசி கோரெங் என்னும் இந்தோனேசிய உணவு, இலங்கை நகரங்களின் உணவகங்களில் பிரைட் ரைசுக்கும் கொத்து ரொட்டிக்கும் அடுத்த இடத்தைப் பிடித்து நெடுங்காலமாகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து கொழும்பு உணவகங்களுக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்களும், வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்களும் இத்தகைய சமையலைக் கைப்பழக்கமாகவே கொண்டுவந்திருப்பதால், இறாலும் கணவாயும் சேர்ந்த அதன் கடலுணவு வகை இன்று பிறந்தநாளுக்கோ சம்பள நாளுக்கோ தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் அடுப்பிலும் ஏறுகிறது. இதனை நகரத்து மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு, அம்மதிப்பீடு பிழையானது. இந்த உணவின் பொருள்களையும் முறைகளையும் பிரித்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை தோட்டத்துச் சமையலில் முன்பே இருந்தவை என்பதும், புதிதாக வரவேண்டியிருந்தது பச்சைக் கடலுணவு மட்டுமே என்பதும் புலப்படும்.

இந்தோனேசியத் தீவுகளின் சுவை இந்நாட்டுக்கு உணவகங்களின் வழியாக மட்டும் வந்ததன்று. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் கிழக்குத் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, படைவீரர்களையும் தனக்கு இணங்காத அரச குடும்பத்தினரையும் இங்கே அனுப்பிவந்தது. ஜாவாவின் மாத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராட் 1708இல் இவ்வாறே நாடுகடத்தப்பட்டார். இவ்வாறு அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தோரே இலங்கை மலாய்ச் சமூகத்தவர். ஒல்லாந்தரை அடுத்து வந்த பிரித்தானியரின் மலாய்ப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டபோது பலர் பொலிஸ் சேவையிலும் சிலர் தோட்ட வேலைகளிலும் சேர்ந்தனர். வட்டிலப்பமும் தொதலும் அச்சமூகத்தின் கொடை என்றே பரவலாகக் கருதப்படுகின்றன. சம்பலும் அவ்வழியில் வந்ததாகவே கருதப்படுகிறது. மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உப்போடு அம்மியில் வைத்து அரைப்பதுதான் நாசி கோரெங்கின் முதற்படியாகும். கோதுமை மா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல் அரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் படியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தேவை மிஞ்சிய சோறு. 2018இல் தன் ஐந்து தேசிய உணவுகளுள் ஒன்றாக இந்தோனேசிய அரசு அறிவித்த இவ்வுணவு, முதல் நாள் சோற்றை வீணாக்காத வீட்டுச் சிக்கனத்தில் பிறந்தது. ஆனால் சோறு மிஞ்சுவது என்பது தோட்டங்களில் எளிதாகக் கிடைத்த நிலையன்று. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியை வரையறுத்தபோது, நிர்வாகம் வழங்கும் அரிசியின் விலையையும் அதனோடு சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது. அரிசியும் கூலியும் அந்த அளவுக்குப் பிணைந்திருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது தோட்டப்புற இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. கீரைக்கும் கிழங்குக்கும் காடு தேடி அலைந்த அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள், மிஞ்சிய சோற்றை விருந்தாக்கும் ஓர் உணவை விரும்பிச் சமைக்கிறார்கள் என்பது இவ்வரலாற்றை அறிந்தவருக்குச் சிறிய செய்தியாகத் தோன்றாது.

சோற்றின் தன்மையையும் சற்று விளக்க வேண்டும். வெந்த அரிசியின் மாப்பொருள் ஆறும்போது மீண்டும் இறுகுவதால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றன. இலங்கையின் நாட்டரிசி வகைகள் பலவற்றில் அமைலோசு என்னும் ஒட்டாத மாப்பொருள் மிகுந்திருப்பதால், அவை இதற்கு இயல்பாகவே பொருந்துகின்றன. எனினும் இரவு முழுவதும் வெளியில் வைத்த சோற்றைப் பொரிப்பது, வெப்பமும் ஈரமும் மிகுந்த இரத்தினபுரிப் பகுதியில் ஆபத்தானது. வேகவைத்தாலும் சாகாத பசிலசு என்னும் பற்றீரிய வித்திகள் ஆறிய சோற்றில் முளைத்து, பின்னர் எவ்வளவு பொரித்தாலும் அழியாத நச்சை உண்டாக்கக்கூடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. சோற்றைச் சற்றுக் குறைந்த நீரில் வடித்து, அகன்ற தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, விசிறிக் காற்றிலோ வாசற்காற்றிலோ அரை மணி நேரம் ஆறவிட்டு உடனே பொரித்துவிடலாம். பருக்கையின் மேற்பரப்பு உலர்ந்திருப்பதே இங்கு முக்கியம். சோறு முதல் நாளையதாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

சுவையின் ஆழம் மூன்றாவது பொருளிலிருந்து வருகிறது. இந்தோனேசியர் சிற்றிறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து உலர்த்திய தெராசி என்னும் கட்டியை நெருப்பில் வாட்டி விழுதோடு அரைக்கின்றனர். வாட்டும்போது எழும் மணம் பழகாதவரை விரட்டும் என்றாலும், எண்ணெயில் வதங்கியபின் அது சோற்றுக்கு இறைச்சிச் சாறு ஊற்றியது போன்ற நிறைவைத் தருகிறது. தோட்டத்து வீட்டில் அதே வேலையைக் கருவாடு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. கடலை அன்றாடம் காணாத இம்மலைச் சரிவுகளுக்குக் கடல் எப்போதும் உலர்ந்த வடிவில்தான் வந்திருக்கிறது: நெத்தலிக் கருவாடாகவும், சூரையை அவித்துப் புகையூட்டிக் காயவைத்த மாசியாகவும், வாரச் சந்தையில் காகிதத்தில் சுற்றி வாங்கப்பட்ட கட்டாக் கருவாட்டுத் துண்டாகவும். தெராசி கிடைக்காத இடத்தில், வறுத்து இடித்த மாசி ஒரு மேசைக்கரண்டி அளவு சேர்ந்தால் சுவை ஏறத்தாழ அதே திசையில் செல்லும். புளிப்பின் கூர்மை மட்டும் சற்றுக் குறையும். ஒரு துண்டு தேசிக்காய் அதனை ஈடுசெய்துவிடும்.

நான்காவது பொருளான கெசாப் மானிஸ், கறுப்புச் சோயா அவரையின் சாற்றில் பனைவகை வெல்லத்தைக் காய்ச்சிச் சேர்த்த கெட்டியான இனிப்புச் சாறு. ஜாவாவில் அதற்குத் தென்னை வெல்லத்தையோ அரேன் என்னும் பனையின் வெல்லத்தையோ பயன்படுத்துவர். தாவரவியலில் அரேன் பனைக்கு நெருங்கிய உறவினம் கித்துள் மரம். இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவ மாகாணமோ கித்துளுக்குப் பேர்போன நிலம். சாதாரண சோயா சோஸ் இரண்டு பங்கும் கித்துள் பாணி என்னும் பாகு ஒரு பங்கும் சேர்த்துச் சிறுதீயில் பாதியாகச் சுண்டவிட்டால், புகைமணம் கொண்ட ஒரு சாறு கிடைக்கும். கடைப் போத்தலில் அடைத்த கெசாப்பைவிட அது மேலானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அந்தப் பாணியை இறக்குபவர்கள் பெரும்பாலும் தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தவர்கள். 1977இலும் 1981இலும் இம்மாகாணத்துத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு, பலர் வீடு வாசலை விட்டு வடக்கே பெயர்ந்த துயரத்தை இப்பகுதி மறக்கவில்லை. அந்நினைவு மாறாத நிலையிலும் சந்தையில் பாணிப் போத்தல் கைமாறுகிறது. விலையோடு நலமும் விசாரிக்கப்படும் அந்த உறவு, அரசியல் பேச்சுகளில் இடம்பெறாவிட்டாலும் பாதுகாக்கத் தக்கது.

எஞ்சியிருப்பது பச்சைக் கடலுணவு. நீர்கொழும்பிலிருந்தும் பேருவளையிலிருந்தும் பெருவீதி வழியாக வரும் மீன், அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடைச் சந்தைகளைக் கடந்து தோட்டத்தை எட்டும்போது வெயில் ஏறியிருக்கும். பெரிய இறால் ஒரு கிலோவின் விலை ஒரு நாட்கூலியைத் தாண்டிவிடும். ஆகவே குடும்பம் முழுவதற்கும் கால் கிலோ சிறிய இறாலும் ஒரு கணவாயுமே வாங்க இயலும். அவற்றை வீணாக்காமல் பயன்படுத்துவதில்தான் சமைப்பவரின் திறமை தெரியும். இறாலின் தலைகளையும் ஓடுகளையும் எறிந்துவிடாமல் தேங்காயெண்ணெயில் சிவக்கப் பொரித்து வடித்தால், எண்ணெய் செம்மஞ்சள் நிறமேறி இறாலின் மணத்தை முழுவதும் உள்வாங்கிக்கொள்ளும். விழுதை அவ்வெண்ணெயில் வதக்கும்போது சதை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு பருக்கையிலும் இறால் இருக்கும். கணவாய்க்கு இடைநிலை கிடையாது: பெருந்தீயில் ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் கறியில் வேகவிட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் அது ரப்பராக இறுகிவிடும். எனவே இறாலையும் கணவாயையும் முதலில் தனியே வாட்டி எடுத்துவைத்து, சோறு பிரண்டபின் இறுதியில் சேர்ப்பதே முறை.

தீயைப் பற்றி நகரத்துச் சமையற்குறிப்புகள் கவலையோடு எழுதுவதற்குக் காரணமுண்டு. வீட்டு வாயு அடுப்பின் சிறுதீயில் சோறு பொரிவதற்குப் பதிலாகத் தன் நீராவியிலேயே புழுங்கிவிடுகிறது. தோட்டத்து விறகடுப்புக்கு அந்தக் குறை இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது, அதாவது மீண்டும் தளிர்ப்பதற்காகத் தறிக்கும்போது, கிடைக்கும் மிலாறு என்னும் காய்ந்த கிளைகளும் தாழ்நிலத் தோட்டங்களின் ரப்பர் விறகும் தரும் தீ, இரும்புத் தாச்சியை உணவகத்து அடுப்புக்கு நிகராகச் சூடேற்ற வல்லது. அதன் புகை பெண்களின் நுரையீரலுக்குச் செய்யும் தீங்கைச் சொல்லாமல் அத்தீயைப் புகழ்வது நேர்மையாகாது. புகைபோக்கியில்லாத லயத்து அறைக்குள் இச்சமையலைச் செய்யாமல், வெளி அடுப்பில் செய்வதே தகும். எத்தீயானாலும் ஆறு பேருக்கான சோற்றை ஒரே முறையில் கொட்டினால் தாச்சி குளிர்ந்துவிடுமாதலால், இருவருக்குரிய அளவாகப் பிரித்து மூன்று முறை பொரிக்க வேண்டும். சாற்றைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தாச்சியின் சூடான விளிம்பில் ஊற்றினால், அது கணப்பொழுதில் கருகி மணம் கொடுத்தபின் சோற்றில் கலக்கும். ஓரம் முறுகப் பொரித்த முட்டை ஒன்றும், அரிந்த வெள்ளரிக்காயும், இறால் அப்பளம் கிடைக்காவிட்டால் சாதாரண அப்பளமும் உடன் வைக்கப்படும்.

இறால் சேர்ந்த சோறு அடுத்த நாள் மலைக்குக் கொண்டுபோக ஏற்றதன்று. காலையில் ரப்பர் பால்வெட்டுக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் போகிறவர்களின் சாப்பாட்டுப் பெட்டியில் அது நண்பகலுக்குள் கெட்டுவிடும். பெட்டிக்கு வேண்டுமானால், இறாலையும் கணவாயையும் விட்டுவிட்டு, மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலிக் கருவாட்டைத் தனியே ஒரு பொட்டலமாகக் கட்டி, விடியற்காலையில் புதிதாகப் பொரித்த சோற்றோடு அனுப்பலாம். இந்தோனேசியாவிலும் நெத்தலியிட்ட நாசி கோரெங் வழக்கில் உள்ளதே.