கேட்டதும் கேட்க விரும்பியதும்

2015ஆம் ஆண்டு நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மிச்சம் பிடித்த காசும் தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணமும் அதில்தான் சேர்ந்தன. ஆண்டிறுதியில் ஒரு புதிய ஹெட்ஃபோன் விற்பனைக்கு வரவிருந்தது. அதன் விலை 400 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். அது எவ்வளவு துல்லியமாக ஒலிக்கும் என்று நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசினேன். "நீ அதைக் கேட்டிருக்கிறாயா?" என்று ஒருவன் கேட்டபோதுதான் சற்றுத் தடுமாறினேன். நான் அதன் படத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

அந்த நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 'ஆர்ஃபியஸ்' என்னும் புதிய ஹெட்ஃபோனை அறிவித்தது. 1991ஆம் ஆண்டிலேயே அதே பெயரில் ஒன்றை வெளியிட்ட நிறுவனம் அது. புதியதன் விலை ஏறத்தாழ 50,000 யூரோ! அதனுடன் வரும் ஆம்ப்ளிஃபையரின் பெட்டி இத்தாலியப் பளிங்குக் கல்லால் ஆனது. உள்ளே எட்டு வெற்றிடக் குழாய்கள். படித்ததும் வியப்புத் தாங்காமல் மாமாவிடம் ஓடினேன். அவர் சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் பல ஆண்டுகளாக ஒலியமைப்புச் செய்து வருபவர்.

"மாமா, இது 8 ஹெர்ட்ஸ் முதல் 100,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்குமாம்!" என்றேன்.

மாமா சிரித்தார். "மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். மீதியை யார் கேட்பது? வௌவாலா?" என்றார். பிறகு சற்று அமைதியாக, "அந்த 20,000கூட இளவயதில்தான். எனக்கு இப்போது 12,000ஐத் தாண்டினால் ஒன்றும் கேட்பதில்லை. பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்திலேயே நின்று காலத்தைக் கழித்துவிட்டேன்" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "அப்படியென்றால் விலை உயர்ந்தவை எல்லாம் வெறும் பகட்டுதானா?"

"அப்படிச் சொல்லாதே. தலைமுடியைவிட மெல்லிய சவ்வைச் செய்து அதை ஒலிக்க வைப்பது எளிதான வேலையா? உழைப்பு உண்மையானதுதான். ஆனால், எண்ணைப் பார்த்து வாங்காதே, பாட்டைக் கேட்டு வாங்கு" என்றார்.

டிசம்பர் விடுமுறையில் நான் எதிர்பார்த்திருந்த ஹெட்ஃபோன் கடைக்கு வந்தது. மாமாவும் நானும் சிட்டி ஹால் நிலையத்திற்கு அருகிலுள்ள அடெல்ஃபி கட்டடத்திற்குச் சென்றோம். அங்கே ஒலிச்சாதனக் கடைகள் பல இருந்தன. மாமா சொன்னபடி என் பழைய ஹெட்ஃபோனையும் எடுத்துச் சென்றிருந்தேன். நன்கு பழகிய ஒரு வீணை இசையை இரண்டிலும் மாறி மாறிக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

புதியதை அணிந்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. "வாங்கிவிடலாம் மாமா!" என்றேன்.

"பொறு. இது உன் பழையதைவிடச் சற்றுச் சத்தமாக ஒலிக்கிறது. சத்தம் கொஞ்சம் கூடினாலே, தரமும் கூடியதுபோல மனத்திற்குத் தோன்றும். முதலில் இரண்டையும் சமமாக்கு" என்றார்.

ஒலியளவைச் சமமாக்கிய பிறகு, நான் கண்ட வேறுபாட்டில் பாதி மறைந்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டு எது புதியது என்று கண்டுபிடிக்கவும் முயன்றேன். அதுவும் சரிப்படவில்லை. காதில் பட்டதுமே அதன் மென்மை அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆயினும், புதியதில் ஒரு நுட்பமான ஒலி கேட்டது. வீணைக் கம்பியின்மீது விரல் வழுக்கிச் செல்லும் ஒலி அது. பெருமையுடன் மாமாவிடம் சொன்னேன். "இப்போது பழையதில் அதே இடத்தைக் கேள்" என்றார். கேட்டேன். அந்த ஒலி அதிலும் இருந்தது! இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் கவனித்துக் கேட்கவில்லை.

"ஆனால் மாமா, இதில் அடித்தொனி இன்னும் நிறைவாக இருக்கிறதே" என்றேன், விட்டுக்கொடுக்க மனமின்றி.

"அது உண்மைதான்" என்று ஒப்புக்கொண்ட மாமா, என் பழைய ஹெட்ஃபோனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காதை மூடும் பஞ்சுறை ஓரத்தில் கிழிந்திருந்தது. "இந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்தால் அடித்தொனி குறைந்துவிடும். குறை கருவியில் இல்லை" என்றார்.

அன்று நான் 18 வெள்ளிக்கு ஒரு சோடி பஞ்சுறைகளை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் மனம் அந்தப் புதிய பெட்டியையே சுற்றி வந்தது. வீட்டிற்கு வந்து உறைகளை மாற்றிக் கேட்டபோது வீணை இசை முன்பைவிட நிறைவாக ஒலித்தது. அது புதிய பஞ்சுறையால் வந்த நிறைவா, காசு கொடுத்து வாங்கியதால் மனம் சேர்த்துக்கொண்ட நிறைவா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போதும் புதிய கருவி ஒன்று வரப்போகிறது என்றால் ஆவலுடன்தான் காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் ஓர் இன்பம் இருக்கிறது. அதை நான் இழக்க விரும்பவில்லை. ஆனால், கடைக்குப் போகும்போது எனக்கு நன்கு பழகிய ஒரு பாட்டையும் பழைய ஹெட்ஃபோனையும் மறக்காமல் எடுத்துச் செல்கிறேன். மாமாவை நினைத்து, ஒலியளவையும் குறைத்தே வைக்கிறேன். ஹெட்ஃபோன் பழுதானால் வேறொன்று வாங்கலாம். காதை எந்தக் கடையில் வாங்குவது?