பழைய வாஷர் எங்கே சேர்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலேயே வாகனத்துக்கு ஒயில் மாற்றுகிறவர்கள் நம்ம பதுளைப் பக்கம் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது வாப்பா வாங்கிய பழைய டீசல் வேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகும் வாத்தியார் சம்பளத்துக்கு எட்டுகிற விலையா அது? இருப்பதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்களுக்கு வழி. 2022 நெருக்கடியில் ஒயில், பில்டர், கராஜ் கூலி எல்லாமே ஏறியபோது சின்னச் சின்ன வேலைகளை நானே செய்யப் பழகினேன். பல்ப், வைப்பர், எயார் பில்டர். ஒயில் மாற்றுவது மட்டும் மிச்சமிருந்தது.

அதையும் ஒரு சனிக்கிழமை செய்தேன். ரெண்டு வீடியோ பார்த்தேன். வேனை ஜெக் போட்டுத் தூக்கி, கீழே கட்டை வைத்து, பழைய ஒயிலை வடிய விட்டேன். பழைய பில்டர் இறுகிப்போய் இருந்தது. பெல்ட் சாவி கொண்டு திருகியதும் கழன்றது. அதை அப்படியே ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டேன். புதியதைப் பூட்டி, ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "பாஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "ரெண்டு நாள் ஓடட்டும், பிறகு சொல்லுங்க" என்றார் மனைவி.

திங்கட்கிழமை காலை வேனுக்கு அடியில் உள்ளங்கை அளவு கறை. பில்டரைக் கழற்றும்போது சிந்திய ஒயில்தான் வடிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணியால் துடைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய் வந்தேன். அன்று இரவு பார்த்தால் கறை பெரிதாகியிருந்தது. அப்போதாவது கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன? பில்டர் லூஸாக இருக்கிறது என்று முடிவு பண்ணி, பெல்ட் சாவியைப் போட்டு இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். ஒயில் அளவையும் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடம்.

எங்கள் பிள்ளைகளில் ஐந்து பேர் மேல் தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள். பரீட்சை நிலையம் பசறையில். காலை பஸ்ஸை நம்ப முடியாது. தோட்டத்துப் பாதை வந்து சேரும் சந்தியில் நில்லுங்கள், நான் பதுளையிலிருந்து வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெள்ளைச் சீருடையும் கையில் அனுமதி அட்டையுமாக ஐந்து பேரும் பனிக்குள் நின்றார்கள். ஒரு மகளுடைய அம்மா கொழுந்துக்குப் போகிற உடுப்போடு வந்து, "பத்திரமா கூட்டிப் போங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பசறைக்கு ஏறுகிற பாதையின் வளைவுகள் தெரிந்ததுதானே. ஒரு வளைவில் டாஷ்போர்டில் சிவப்பாக ஒயில் லைட் ஒரு தடவை மின்னி அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி மின்னியது. கருகின ஒயில் வாடையும் வந்தது. ஐந்து பிள்ளைகள் பின்னால் இருக்கிறார்கள், நேரம் ஏழேகால், இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் மனம் சொன்னது உண்மை. அல்லாஹ் காப்பாற்றினான், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

அந்த லைட்டின் அர்த்தம் பலருக்குத் தெரியாது. அது ஒயில் குறைகிறது, நேரம் கிடைத்தால் ஊற்றுங்கள் என்று சொல்லும் லைட் இல்லை. எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் இல்லை, உடனே அணையுங்கள் என்பதுதான் அதன் பேச்சு. ஒயில் மட்டம் இறங்கிவிட்டால், வளைவில் மிச்ச ஒயில் ஒரு பக்கம் சரிந்து பம்புக்கு எட்டாமல் போகும். அதனால்தான் முதலில் வளைவுகளில் மின்னியது. அப்படியே ஓட்டினால் பெயரிங் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில், வளைவில், பிள்ளைகளோடு அது நடந்திருந்தால்?

இறங்கிக் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க ஒயில். வந்த பாதையில் ஒரு கறுப்புக் கோடு.

பிள்ளைகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவால்ல சேர், இன்னும் நேரம் இருக்கு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் வந்த ஒரு தனியார் பஸ்ஸை மறித்தேன். நெருக்கித் தள்ளி ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். கண்டக்டர் தம்பி காசு எடுக்கவில்லை. எட்டரைப் பரீட்சைக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த இருபது நிமிடம் நான் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

அந்த ஐந்து பேரில் ஒரு மகனுடைய தகப்பனார் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை பார்ப்பவர். இரவு வேலை முடித்து வந்திருந்தவர், விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ரெண்டு சாக்கு. ஒன்றில் ஆயுதங்கள். மற்றதில் ஃபெக்டரி அடுப்புச் சாம்பல்.

வேனைத் தொடவே இல்லை அவர். "மொதல்ல ரோட்டப் பார்ப்போம் சேர்" என்றார். ரெண்டு பேருமாக நடந்து, ஒயில் விழுந்த இடமெல்லாம் சாம்பலைத் தூவிக் காலால் தேய்த்தோம். அந்த வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வழுக்கினால் பக்கத்தில் பள்ளம். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. என் கவலை முழுக்க என் எஞ்சின் மேலேதான் இருந்தது.

பிறகுதான் கேட்டார்: "பழைய பில்டர கழட்டினப்ப, அதோட வாஷர் எங்க சேர் இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.

எஞ்சின் ஆறியதும் அடியில் நுழைந்து பில்டரைக் கழற்றி என் கையில் தந்தார். புது பில்டரின் ரப்பர் வாஷர் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. எஞ்சினில் பில்டர் உட்காரும் இடத்தில் விரல் நகத்தால் சுரண்டினார். கறுப்பாக, தட்டையாக இன்னொரு வாஷர் உரிந்து வந்தது. பழையது! சூட்டில் ஒட்டிப் பிடித்து அங்கேயே நின்றிருக்கிறது. அதன் மேலேயே நான் புதியதைப் பூட்டியிருக்கிறேன்.

பில்டரின் வாயில் ஒரு வாஷர் உட்காருவதற்குத்தான் பள்ளம் இருக்கிறது. ரெண்டாவதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ரப்பரின் மேல் ரப்பர் வழுக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த காலையில் ஒயில் தடிப்பாக இருக்கும், ஸ்டார்ட் பண்ணியதும் அழுத்தம் கூடும், வாஷர் பிதுங்கும், ஒயில் கொட்டும். நான் சாவி போட்டு இறுக்கியது அதை இன்னும் கோணலாக்கியிருக்கிறது.

அன்று அவரிடம் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள். வாஷர் அதில் இல்லையென்றால் எஞ்சினில் ஒட்டியிருக்கிறது. எஞ்சின் பக்கம் விரலால் தடவி, சுத்தமான துணியால் துடையுங்கள்.

2. புது பில்டர் உங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று பழையதோடு வைத்துப் பாருங்கள். வாஷரின் சுற்றளவும் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. புது வாஷரில் புது ஒயில் கொஞ்சம் தடவுங்கள். கையால் மட்டும் பூட்டுங்கள். வாஷர் தொட்ட பிறகு பெரும்பாலான பில்டர்களுக்கு முக்கால் சுற்றுப் போதும். பெட்டியில் எழுதியிருப்பதையும் பாருங்கள். சாவி கழற்றுவதற்கு மட்டும்தான்.

4. ஒழுகினால் உடனே பில்டர்தான் என்று முடிவு பண்ண வேண்டாம். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, கீழே கடதாசி விரித்து, சில நிமிடம் ஓட விட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் மேலே கசிந்து கீழே சொட்டும். ஆகவே ஈரமாக இருக்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். ஒயில் வடிக்கிற நட்டின் செம்பு வாஷரும், ஒயில் பிரஷர் சுவிட்சும் இதே மாதிரி ஒழுகும்.

5. கறை கண்டால் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் வாகனத்தை எடுக்க வேண்டாம்.

6. பழைய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். நம்ம கானில் ஊற்றுவது பதுளு ஓயாவுக்குத்தான் போகும், துன்ஹிந்தவில் விழுவதும் அந்தத் தண்ணீர்தான். தோட்டத்தில் என்றால் கீழ் லயத்துப் பீலிக்குப் போகும். கேனில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கிற கராஜில் கொடுங்கள்.

ஆட்டோவில் பசறைக்குப் போய் ஒயிலும் புது பில்டரும் வாங்கி வந்தார். பூட்டி முடிக்கும்போது பத்து மணி. டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்து, ஸ்டார்ட் பண்ணினார். லைட் அணைந்தது. கடதாசியில் ஒரு சொட்டும் இல்லை. வேலைக்குக் கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "எம் மகனுக்கு நீங்க அந்தி வகுப்புக்குக் காசு வாங்கினீங்களா சேர்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த ஷொப்பிங் பேக் முடிச்சை அவிழ்த்தேன். பழைய பில்டரின் பள்ளம் வெறுமையாக இருந்தது. சனிக்கிழமையே பத்து செக்கன் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். "மேல் வரியைச் சரி பார்க்காமல் அடுத்த வரி எழுதாதே" என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கள் இரவு கறையைப் பார்த்தபோதே அவருடைய ஞாபகம் எனக்கு வந்தது. ஒரு கோல் எடுத்திருக்கலாம். படித்த வாத்தியார் ஒரு வாஷருக்குப் போய் பிள்ளையின் தகப்பனிடம் கேட்பதா என்று ஒரு வெட்கம். அந்த வெட்கத்தை ஐந்து பிள்ளைகளின் தலையில் ஏற்றிக்கொண்டுதான் நான் மலை ஏறியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் பரீட்சை விட்டதும் அந்த ஐந்து பேரையும் வேனிலேயே கூட்டி வந்தேன். தகப்பனார் முன் சீட்டில் இருந்தார். வழி நெடுக லைட்டைப் பார்த்தபடிதான் ஓட்டினேன். "பேப்பர் லேசு சேர்" என்றார்கள் பிள்ளைகள். பெறுபேறு நல்லபடியாக வர துஆச் செய்யுங்கள்.

ஒயில் மாற்றுகிறவர்கள் வீட்டிலேயே மாற்றுங்கள், தவறில்லை. சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். பழைய வாஷரை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள்.