சாயம்

எங்கள் கேமரன் மலையில் சுவருக்கு அடிக்கும் பெயின்டும் சாயம்தான், மரத்துக்குப் பூசும் ஸ்டெயினும் சாயம்தான், தேத்தண்ணியில் இறங்குவதும் சாயம்தான். பள்ளி விடுமுறையில் மாமாவோடு வேலைக்குப் போனபோதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது.

1929இல் ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில், பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பார்வை மேடையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதுபோலச் சின்னச் சின்ன மர மேடைகள் இங்கே விடுதிகளிலும் உண்டு. மாமாவுக்கு அவைதான் பிழைப்பு. செங்கால் மரமே ஆனாலும் மலை மழையும் வெயிலும் சும்மா விடாது. பெயின்ட் மேலே தோலாக நிற்கும். அடியில் ஈரம் புகுந்தால் உரியும். ஸ்டெயின் உள்ளே இறங்கும், வெளுக்கும், அவ்வளவுதான்.

மாமா முதலில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். முத்து முத்தாக நின்றால், "பழசு இன்னும் இருக்கும்மா, தேய்." மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மத்தியானம் பனிமூட்டம் இறங்குமுன் முடிக்க வேண்டும். ஒரு பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் பூச வேண்டும். நடுவில் விட்டால் கோடு விழும். மரம் குடிக்காததைத் துணியால் துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். மாமா வேலியில் விரித்துக் காயப்போடுவார்.

ஒரு விடுதி மேடையில் ஆணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை. மரத்தின் டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது.

"எங்கம்மா விரல் ஞாபகம் இருக்கா?" என்றார் மாமா.

இருக்கிறது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். கல்யாணத்துக்குப் போகுமுன் அம்மாச்சி எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார். போகாது. கேமராவைப் பார்த்தால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். வீட்டில் உள்ள ஒரு படத்திலும் அம்மாச்சிக்குக் கை இல்லை.

இப்போது தோட்டத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மேடையில் நிற்பவர்கள் அவர்களையும் சேர்த்துத்தான் படமெடுக்கிறார்கள். அந்தத் தூரத்தில் விரல் தெரியாது.

விடுதிக்காரர் கறுப்பு தெரியக்கூடாது என்றார். மாமா கையுறை மாட்டி ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தொட்டு வைத்தார். சற்று நேரத்தில் வெளுத்தது. கழுவி, நன்றாகக் காயவிட்டு, தேன் நிறச் சாயம் பூசினோம்.