யார் அமெரிக்கன்?

2006 மே 1. லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ என்று அமெரிக்காவின் பல ஊர்களில் லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போகாமல் தெருவில் இறங்கினார்கள். அனுமதியில்லாமல் தங்கியிருப்பதையே பெரிய குற்றமாக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் அந்த ஊர்வலம். அதே சமயத்தில் அமெரிக்க தேசிய கீதம் ஸ்பானிஷ் மொழியில் பாடப்பட்டு வெளியானது. கிளம்பியது சண்டை! கீதத்தை ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார் அப்போதைய ஜனாதிபதி புஷ்.

வேடிக்கை என்னவென்றால், அதே பாடலை 1919-லேயே ஸ்பானிஷில் வெளியிட்டது அமெரிக்க அரசின் கல்வித்துறைதான். (அது அதிகாரபூர்வ தேசிய கீதமானது 1931-ல்.) அன்றைக்கு யாருக்கும் அதனால் அமெரிக்கா கரைந்துவிடவில்லை.

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, சட்டம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2023-ல் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் முறையான அனுமதியில்லாமல் அங்கே இருந்தார்கள். விசாவுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நிற்பவனுக்கு இது எரிச்சல் தராதா? கூலி குறைந்துவிடுமோ என்று ஒரு தொழிலாளி பயப்படுவதும் நியாயம்தான். அவர்களை எல்லாம் இனவெறியர்கள் என்று ஒதுக்குவது சரியில்லை.

ஆனால் அந்த வரிசை எல்லோருக்கும் இருந்ததா? 1942 முதல் 1964 வரை 'பிரசெரோ' திட்டத்தில் மெக்சிகோ தொழிலாளர்களை அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு வயலுக்கு அழைத்தது. திட்டம் முடிந்தது, வயல் வேலை முடியவில்லை. அடுத்த வருஷம் வந்த சட்டம், மெக்சிகோவையும் சேர்த்து அந்தப் பகுதி நாடுகளுக்கு முதன்முதலாக உச்சவரம்பு விதித்தது. அதே ஆள், அதே வயல், அதே தக்காளி... பெயர் மட்டும் 'சட்டவிரோதம்' என்று மாறியது! 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு அனுமதி கொடுத்தது. ஆட்களுக்கான தேவை மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது கேள்வி, அடையாளம். இது ரொம்பப் பழசு. 1750-களிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஆங்கிலம் பேச மாட்டார்கள் என்று கவலைப்பட்டார். பிறகு அயர்லாந்து கத்தோலிக்கர்கள் மேல் அதே சந்தேகம். 1882-ல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவே சாத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் "இவர்கள் நம்மைப் போல ஆக மாட்டார்கள்" என்ற அதே வசனம்தான்!

சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனா போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள். இங்கே பிறந்தவன் இந்நாட்டுக் குடிமகனே என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் போட்ட உத்தரவு, மறுபடி அந்தக் கேள்வியையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

எல்லையில் எத்தனை பேரை விடுவது என்பதை ஒரு நாடு தாராளமாக முடிவு செய்யட்டும், அது அதன் உரிமை. ஆனால் இரண்டு வயதில் தூக்கி வரப்பட்டு, அங்கேயே படித்து, வேறு ஊரே தெரியாமல் வளர்ந்த பிள்ளை எந்த நாட்டுக்காரன்?

எல்லைச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?