அப்பாவின் கோபம் காரணமில்லை

திருநெல்வேலி
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

உன் போன் வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. எண்டோஸ்கோபியில் புண் தெரிந்தது, எச். பைலோரி கிருமியும் இருக்கிறது என்று 14 நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீ ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டாய். வாய் கசக்கிறது, வயிறு போகிறது என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "விடுக்கா, அப்பா கோபம்தானே எனக்கும், அப்பா வயிறுதான் வரும்" என்று சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது 1981 ஐப்பசியில். உனக்கு அப்போது ஐந்து வயது. அமிலம் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். அல்சர் முற்றினால் அந்தக் காலத்து வைத்தியம் அதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது, கோபத்தைக் குறையுங்கள், காரத்தை விடுங்கள் என்றார்கள். அதன்பிறகு நம் வீட்டில் ரேடியோகூட மெதுவாகத்தான் பாடியது. அப்பா குரலை உயர்த்தினால் மறுநொடி தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதே 1981இல்தான் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து மருத்துவமனை ஒன்றில், பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர், அங்கே வேலை பார்த்த ராபின் வாரன் என்ற நோயியல் டாக்டரோடு சேர்ந்தார். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்குகளில் வளைந்த கிருமிகள் இருப்பதை வாரன் இரண்டு வருஷமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தட்டில் வைத்து வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது, உன் வயிற்றில் இருக்கும் அதே எச். பைலோரி! அப்பாவின் தையல் பிரித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்றே எல்லாரும் படித்திருந்தார்கள். புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று அவர்கள் சொன்னதை யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். அதற்கு முன் தன் இரைப்பை சுத்தமாக இருப்பதைச் சோதித்துக்கொண்டார். மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் இல்லை, ஆனால் இரைப்பையில் அழற்சி, அதே கிருமி.

அது பிழைக்கும் விதத்தைப் படித்து நான் அசந்துபோனேன். நம் உடம்பிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு திருகாணி மாதிரிச் சுழன்று கோழைப் படலத்துக்குள் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. விரட்ட வரும் நம் வெள்ளணுக்களால் அதை முழுதாக ஒழிக்க முடிவதில்லை. வருஷக்கணக்கில் நடக்கும் அந்தச் சண்டையில் சிதைவது நம் சதைதான். சிலருக்கு அது புற்றுநோய் வரை போகிறது. அதனால்தான் உன்னை விடமாட்டேன் என்கிறேன்.

ஆனால் இந்தக் கிருமி உள்ள பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். பல்லாயிரம் வருஷமாக மனிதரோடு கூடவே வந்திருக்கிறது. அதில் எந்த வகை ஒட்டியது, யாருடைய உடம்பு, வேறென்ன பழக்கம் என்பதையெல்லாம் பொறுத்ததுதான் புண் வருவது. அப்பாவின் பீடிக்கும் பங்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. கோபத்தில் வயிறு எரிந்திருக்கலாம். அந்த எரிச்சல் மட்டும் புண்ணை உண்டாக்கியிருக்காது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது இது. ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம், எனக்கும் இருக்கலாம். நானும் பரிசோதிக்கப் போகிறேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ. மாத்திரையை நடுவில் நிறுத்தியதை மறைக்காமல் சொல். அரைகுறையாக விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம். அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். வயிறு போவது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் சேர்ந்து அடிபடுவதால். அதையும் சொல், வழி சொல்வார்கள். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்த்துவிடு. தலைவலிக்கென்று நீயாக வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் விடு, அதுவும் புண்ணாக்கலாம்.

வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கொடுத்தது 2005இல். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம்.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். முறத்திலிருந்து கை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அப்போ நான் வச்ச குழம்பாலயும் இல்லையா?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள், தம்பி. இல்லம்மா என்று நான் சொல்லிவிட்டேன். நீயும் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்.

உன் அக்கா