ஆறு மாத மாத்திரை

பினாங்குத் தீவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது பாலிக் புலாவ். ஜார்ஜ் டவுனிலிருந்து அங்குச் செல்ல மலைச்சாலையின் வளைவுகளைக் கடக்க வேண்டும். அங்குள்ள டுரியான் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மலையைத் தாண்டிப் பெரிய மருத்துவமனையைத் தேட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்குச் சென்றாலே போதும். அங்குச் சளியைச் சோதிப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள்.

காசநோய் என்று உறுதியானால் வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதங்களுக்கு இரண்டு. தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம். சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும். சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது மருந்தின் நிறமே, தீங்கில்லை. மருந்தகத்திற்கு வந்துபோகும் நாளில் கூலியும் குறையும். 'உடம்புதான் தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?' என்று அவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆனால், பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும். ஆகவேதான், தாதியின் முன்னிலையிலோ பொறுப்பான வேறொருவர் முன்னிலையிலோ மாத்திரையை விழுங்கும் முறை வந்தது.

இம்முறையின் வேர்களுள் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1956-இல் அங்குக் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்து உண்டனர். மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. ஆயினும், 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உண்கிறார்களா என்று அறிய, ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். எல்லாரும் ஒழுங்காக உண்ணவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சிகிச்சை பெறும் நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் அந்த மையம் பின்னர்க் கண்டறிந்தது. இன்றும் சில வீடுகளில் நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்கிறார்கள். காசநோய் தட்டால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமிகளால் பரவுகிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே அவை வீட்டாரைத் தொற்றியிருக்கலாம். அதனால் அத்தொழிலாளியின் மனைவியையும் பிள்ளைகளையும் மருந்தகம் சோதனைக்கு அழைக்கும்.