குமாஸ்தா வேஷம்

அகதா கிறிஸ்டி என்றால் பலருக்கும் புவாரோதான். எனக்குப் பிடித்தவர்கள் டாமி, டப்பென்ஸ் தம்பதி.

1941-இல் வந்த ‘என் ஆர் எம்?’ நாவலில் இருவருக்கும் நடுவயது. போர்க்காலத்தில் வேலை கேட்டும் யாரும் சீந்தவில்லை. பிறகு டாமிக்கு மட்டும் ரகசிய வேலை வருகிறது: கடலோர விடுதியில் ஒளிந்திருக்கும் ஜெர்மன் உளவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். மனைவியிடம், ஸ்காட்லாந்தில் குமாஸ்தா வேலை என்று சொல்லிவிட்டுப் போகிறார். குமாஸ்தா என்றால் யார் சந்தேகப்படுவார்கள்! முன்னாள் குமாஸ்தாவான நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

விடுதியின் பெயர் ‘சான் சூசி’. பிரெஞ்சில் ‘கவலையில்லை’ என்று அர்த்தம். உள்ளே போனால், வேறு பெயரில் கம்பளி பின்னியபடி டப்பென்ஸ் அம்மாள்! ஒட்டுக்கேட்டு முந்திக்கொண்டார்.

அதன்பின் கதை ஒரே ஓட்டம். ஆனால் என் மனதில் நின்றது அந்த இடம்தான். டாக்டர் சொன்னதை நாமும் வீட்டில் மறைக்கிறோம். அவர்களுக்கோ முன்பே தெரிந்திருக்கிறது.